வெட்டினதை எங்கே வைத்தீர்கள்?

“எங்கம்மா வீடியோவுல மட்டும் ஏன் மூச்சே விடறதில்ல?”

பிரிட்டா இதைக் கேட்டது தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில். மேலே இரங்கல் ஆராதனை முடிந்திருந்தது. ஊரே காகிதத் தட்டை ஏந்திக்கொண்டு, வீட்டுக்கு வீடு செய்து கொண்டுவந்திருந்த ஹாட்டிஷ் என்னும் சுட்ட கலவை உணவுப் பாத்திரங்களுக்கு முன்னால் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இறந்தவளை மட்டும் இன்னும் மண்ணுக்குக் கொடுக்கவில்லை. வடக்கு மினசோட்டாவின் பிப்ரவரி நிலம் எந்த மண்வெட்டிக்கும் இணங்காது. அது இளகுகிறவரை பிரிட்டாவின் அம்மா மாரிட் லிண்ட் கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி வெண்டல் கார்ஹுவைப் பார்த்து வந்தது. கறுப்புக் கவுனுக்குக் கீழே முரட்டுப் பனிக்காலணி போட்ட ஏழு வயதுப் பெண், அண்ணாந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவளுக்கு யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தான். இல்லை, அவளாகவே சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறாள். ஏனென்றால் மாரிட்டின் மூச்சை எடுத்தது வெண்டல்தான்.

பொதுத் தொலைக்காட்சி, பள்ளிப் பிள்ளைகளுக்காக இணையத்தில் ஒரு வீடியோ வலையமைப்பு நடத்திவந்தது. நாடு முழுக்க இருக்கும் சின்னச் சின்ன நிலையங்கள் ஆளுக்கொரு நிகழ்ச்சி செய்து அனுப்பும். சுப்பீரியர் ஏரிக்கரையில் இருந்த இவர்களுடைய நிலையம் செய்தது ‘ஏன்னு கேளு’. பிள்ளைகள் கேள்வி அனுப்புவார்கள். வியாழக்கிழமைதோறும் மாரிட் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வாள். படம் பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் வெண்டல்.

இணையத்து வீடியோவில் நிற்பதற்கு நேரம் கிடையாது. எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எந்த நொடியில் எழுந்து போனார்கள் என்று ஒரு கோடு காட்டும். பேசுகிறவர் நிறுத்தி மூச்சு வாங்கினால் அந்தக் கோடு சரியும். அதனால் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் முதலில் கை வைப்பது மூச்சில்தான். ஒரு வாக்கியத்தின் வாலையும் அடுத்த வாக்கியத்தின் தலையையும் இழுத்துச் சேர்த்துவிடுவார்கள். வெண்டல் இதில் கெட்டிக்காரன். அவன் வெட்டினால் தையல் தெரியாது என்று வலையமைப்பு முழுக்கப் பெயர்.

மாரிட்டோ இயல்பில் நிதானமான பேச்சுக்காரி. பதில் சொல்லுமுன் கூரையைப் பார்ப்பாள். பெருமூச்சு விடுவாள். பாதியில் சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அவள் ஒரு மணி நேரம் பேசினால் வெண்டலின் கையில் எட்டு நிமிஷம் மிஞ்சும். “என்னை மீனாக்கிட்டப்பா நீ,” என்பாள். “காதுக்குப் பின்னால செவுள் வச்சிருக்கேன்னு கொழந்தைங்க தேடப்போகுது பாரு.”

இப்போது ஒரு குழந்தை தேடிக்கொண்டுதான் வந்திருந்தது.

“அது வந்து… மூச்சு விடற இடத்தையெல்லாம் நான் வெட்டிடுவேன்,” என்றான் வெண்டல்.

“ஏன்?”

“பாக்கறவங்க வேற வீடியோவுக்குப் போயிடுவாங்கன்னு.”

“மூச்சு விட்டா போயிடுவாங்களா?”

“அப்படித்தான் சொல்றாங்க.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “நான் போக மாட்டேன்,” என்றாள். பிறகு, “வெட்டினதை எங்க வச்சிருக்கீங்க?”

வெண்டல் தலையை நிமிர்த்திப் பார்த்தான். சுற்றிலும் ஊர்க்காரர்கள். இரண்டு மேசை தள்ளி அவளுடைய அப்பா கர்ட், யாரோ சொல்லும் ஆறுதலுக்குத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். தாயைப் பறிகொடுத்த குழந்தையிடம், அதுவும் இன்றைக்கு, ‘இல்லை’ என்ற சொல்லை எப்படிச் சொல்வது?

“பத்திரமா இருக்கு,” என்றான்.

“சரி. அப்புறம் வந்து வாங்கிக்கறேன்.” அவன் தட்டிலிருந்த எலுமிச்சை கேக் துண்டை எடுத்துக்கொண்டு, பேரம் படிந்த வியாபாரிபோல நடந்து போய்விட்டாள்.

இரக்கத்தில் பிறந்த பொய்யும் பொய்தான். சொன்னவன் மறந்துவிடலாம். கேட்டவள் குழந்தையாக இருந்தால் மறக்க மாட்டாள்.

*

ஒன்றுமே இருக்கவில்லை. வியாழக்கிழமை வீடியோ வெளியானால் வெள்ளிக்கிழமை காலை படம் பிடித்ததையெல்லாம் அழித்துவிடுவது வெண்டலின் வழக்கம். நிலையத்தின் கணினி வட்டுகள் சிறியவை, இடம் போதாது. ஆனால் இடத்துக்காக மட்டும் அவன் அதைச் செய்யவில்லை. வேலை முடிந்த மேசை துடைத்துவைத்த மாதிரி இருக்க வேண்டும் அவனுக்கு.

ஆனாலும் தேடினான். ஒவ்வொரு வட்டாக மாட்டிப் பார்த்தான். வலையமைப்பின் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தான். அங்கே ஒரு பெண் மிகுந்த பரிவோடு, முடித்து அனுப்பிய வீடியோக்கள் மட்டும்தான் தங்களிடம் உண்டு என்றாள். மூச்சில்லாதவை.

நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பு டெலோரிஸிடம். அரசாங்கப் பணம் நின்றதிலிருந்து பாதி மேசைகள் காலியாகிவிட்ட அந்த அலுவலகத்தில், இருந்த எல்லா வேலையையும் அவளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டெலோரிஸ், பழைய ஷூட்டிங்ல ஏதாவது… எங்கயாவது ஒரு மூலையில…”

“வெள்ளிக்கிழமையானா வீட்டைப் பெருக்கிடணும்னு சட்டம் போட்டது யாரு? கொஞ்சம் வச்சிருப்போமேன்னு நான் சொன்னப்ப, ‘குப்பையை யாராவது அலமாரியில அடுக்குவாங்களா’ன்னு கேட்டது யாரு?”

சொன்ன பிறகுதான் டெலோரிஸ் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“சரி, விடு. இந்தா, காபியைக் குடி. உன் மூஞ்சியைப் பாத்தா பாலே திரிஞ்சுடும்.”

அடுத்த வாரம் கர்ட் வந்தான். இரும்புத் தாது ஏற்றிப்போகும் கப்பலில் அவனுக்கு வேலை. ஏரி உறைந்து கப்பல்கள் கட்டிக் கிடக்கும் குளிர்காலத்தில்தான் வீட்டில் இருப்பான். மனைவி இத்தனை வருஷம் வேலை பார்த்த இடத்துக்கு அன்றுதான் முதன்முதலாக வருகிறான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தேவாலயத்தில் நிற்பதுபோல வாசலிலேயே நின்றான்.

“உக்காருங்க கர்ட்.”

“இல்ல, இருக்கட்டும். பிரிட்டா அனுப்பினா. நீங்க எதையோ எடுத்து வச்சிருக்கீங்களாம். எப்ப தருவீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னா.” சிரிக்க முயன்றான், முடியவில்லை. “தூங்க மாட்டேங்கறா அவ. மாரிட் தினம் அவ பக்கத்துல படுத்துக்குவா. கதை, பாட்டு ஒண்ணும் கெடையாது. சும்மா படுத்திருப்பா. இவ அந்த மூச்சைக் கேட்டுக்கிட்டே தூங்கிடுவா. இப்ப நான் போய்ப் படுத்தா, ‘அப்பா, நீங்க கப்பல் இஞ்சின் மாதிரி சத்தம் போடறீங்க, எந்திரிச்சுப் போங்க’ங்கறா.”

“வீடியோ எதாவது…”

“போட்டுக் காட்டினேனே. ‘இது டிவி அம்மா’ன்னு திருப்பிக் குடுத்துட்டா.” கர்ட் தொப்பியின் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “மார்ச் கடைசியில கப்பல் போற கால்வாயைத் தொறந்துடுவாங்க. நான் கப்பலுக்குப் போகணும். அவளை ஃபார்கோல எங்கக்கா வீட்டுல விடப்போறேன். புது வீடு, புதுக் கட்டில். அதுக்குள்ள நீங்க வச்சிருக்கறது கெடச்சா கொஞ்சம் நல்லா இருக்கும். அவசரமில்ல.”

அவசரமில்லை என்று அந்த ஊரில் ஒருவர் சொன்னால், அவருக்கு வேறு வழியே இல்லை என்று அர்த்தம்.

உண்மையைச் சொல்ல அதுதான் தருணம். ஆனால் வெண்டலின் வாயிலிருந்து, “தேடிக்கிட்டிருக்கேன், கர்ட்,” என்றுதான் வந்தது. கர்ட் நன்றி சொல்லிவிட்டுப் போனான். அந்த நன்றி வெண்டலை நாள் முழுக்க அரித்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து டெலோரிஸ் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “இதுக்குப்போய் ஏன் இப்படிச் சாகறே? குரலை நகல் பண்ற மிஷின் இருக்குல்ல? அவ குரல் இருக்கற வீடியோ அத்தனையையும் உள்ள போடு. மூச்சு, கொட்டாவி, இருமல் எல்லாம் குடுக்கும். கொழந்தைக்கு என்ன தெரியப்போகுது?”

அவள் கெட்டவள் இல்லை. இவன் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் சொன்னது. வெண்டலும் செய்துதான் பார்த்தான். கணினி கொஞ்ச நேரத்தில் ஒரு மூச்சைக் கொடுத்தது. பெண் மூச்சுதான். மாரிட்டின் மூச்சு என்றே யாரும் சொல்வார்கள். ஒரே சீராக, ஒரே அளவில், இழைத்த பலகை மாதிரி வந்துகொண்டே இருந்தது. யாரும் விடாத மூச்சு. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தை கண்ணை மூடுவதை அவன் நினைத்துப் பார்த்தான். பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்வதற்கென்று ஏற்பட்ட வேலையில் இத்தனை வருஷம் சோறு தின்றவன் அவன். அழித்துவிட்டான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, மேசைமேல் தலையைக் கவிழ்த்து, இனி ஒரு பொய்யும் என் வாயில் வராமல் காத்தருளும் ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டான்.

*

சனிக்கிழமை மதியம் கர்ட் வீட்டுக்குப் போனான். சமையலறை மேசையில் அப்பாவும் மகளும் தக்காளி சூப்பும் வாட்டிய சீஸ் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது நாற்காலியில் துவைத்த துணி மடிக்காமல் குவிந்துகிடந்தது. கர்ட் அதை அள்ளித் தரையில் போட்டுவிட்டு, “உக்காருங்க, சூப் இருக்கு,” என்றான்.

“கொண்டாந்தீங்களா?” என்றாள் பிரிட்டா.

வெண்டல் உட்காரவில்லை. “இல்லம்மா. என்கிட்ட ஒண்ணும் இல்ல. இருக்குன்னு நான் பொய் சொன்னேன். வெட்டினதை எல்லாம் வாராவாரம் அழிச்சுட்டேன்.”

சூப்புக் கரண்டி நின்றது.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“அம்மா சிரிக்கறதையும்?”

“ஆமா.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழவில்லை. கரண்டியைத் தட்டில் சத்தம் வராமல் வைத்தாள். அதைப் பார்ப்பது அவள் அழுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பேசியது கர்ட்தான், தட்டைப் பார்த்துக்கொண்டே. “கப்பல்ல சிக்னல் கெடைக்கற எடம் வந்தா அவ வீடியோவைத்தான் போடுவேன். என்ன இவ்வளவு அவசரமாப் பேசறாளேன்னு நெனப்பேன். எங்கிட்ட பேசறப்ப போன்ல பாதி நேரம் சும்மா இருப்பா. அவளுக்கு நான்தான் அலுத்துட்டேன், அங்க கலகலன்னு இருக்கான்னு…” நிறுத்தினான். “அது நீங்கன்னு எனக்குத் தெரியாது.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். தன் கத்திரி எத்தனை தூரம் போய் வெட்டியிருக்கிறது என்று வெண்டல் அன்றுதான் கண்டான். நடுஏரியில், ஒரு கப்பலின் ஒடுங்கிய படுக்கையில் கிடந்த ஒரு மனிதனின் நெஞ்சுவரை போயிருக்கிறது.

“அங்கயும் அவங்க அப்படித்தான் கர்ட்,” என்றான். “பாதி நேரம் சும்மாதான் இருப்பாங்க. கூரையைப் பாத்துக்கிட்டு. ஒரு தடவை, என்ன யோசிக்கறீங்கன்னு கேட்டேன். ‘இந்நேரம் கர்ட் எந்தத் துறைமுகத்துல இருப்பான்னு’ன்னாங்க.”

இது பொய்யில்லை. நடந்ததுதான். கர்ட் எழுந்து பாத்திரம் கழுவும் தொட்டியின் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். குழாயைத் திறந்தான், கழுவ அங்கே ஒன்றும் இல்லை.

பிரிட்டா நாற்காலியிலிருந்து இறங்கி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு தாளும் பச்சை வண்ணக்குச்சியும்.

“எழுதுங்க,” என்றாள்.

“என்ன எழுதணும்?”

“திருத்தம். தப்பாச் சொன்னா வீடியோவுக்குக் கீழ, மத்தவங்க கருத்துக்கெல்லாம் மேல, பெரிசா எழுதிப் போடணும். மறைக்கக் கூடாது. அம்மா சொல்லியிருக்காங்க.”

உண்மைதான். நிகழ்ச்சியில் ஒரு பிழை வந்துவிட்டால் அதை ஒப்புக்கொண்டு, பார்க்கிறவர்களின் கண்ணில் முதலில் படும்படி எழுதிவைப்பது அவர்களுடைய முறை. வியாழன் கோளின் நிலாக்களில் ஒன்றைத் தவறாகச் சொன்னதற்காக மாரிட் அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்து திருத்தம் எழுதியது வெண்டலுக்குத் தெரியும்.

மேசையில் குனிந்து எழுதினான். ‘திருத்தம்: வெட்டினது பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேன். அது தவறு. வருந்துகிறேன். வெண்டல்.’

அவள் எழுத்துக்கூட்டி ஒருமுறை வாசித்தாள். சரியாக இருக்கிறது என்று தலையசைத்தாள். நாற்காலிமேல் ஏறி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் மீன் வடிவக் காந்தம் ஒன்றால் அதை மாட்டினாள். பிறகு தன் தட்டில் மிஞ்சியிருந்த பாதி ரொட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள். ஆறிப்போன ரொட்டி. அவன் அதை நின்றபடியே, ஒரு துணுக்கு சிந்தாமல் சாப்பிட்டான். தேவாலயத்தில் திருவிருந்து அப்பம் பெற்றுக்கொண்ட எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு வராத கண்ணீர் அப்போது வந்தது.

*

மார்ச் கடைசி வாரத்தில், ‘ஏன்னு கேளு’ நின்றுபோகிறது என்று பிள்ளைகளிடம் சொல்லி விடைபெறும் வீடியோ ஒன்றை எடுத்தார்கள். வேறு ஆள் இல்லாததால் டெலோரிஸே முக்காலியில் உட்கார்ந்தாள். எழுதிவைத்ததை மூன்று தடவை தடுமாறி வாசித்து முடித்தாள்.

“அப்பாடா, முடிஞ்சுது. எழுந்துக்கலாமா?”

“அசையாதீங்க. ரூம் டோன் எடுக்கணும்.”

“கடைசி வீடியோவுக்குமா? யாருப்பா ஒட்டுப்போடப் போறா?”

“வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல.”

ஒவ்வொரு படப்பிடிப்பும் முடிந்த பிறகு அரை நிமிஷம் யாரும் பேசாமல், நகராமல் இருக்க வேண்டும். அந்த வெற்று அறையின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்வார்கள். வெட்டிய இடத்தில் பொட்டென்று நிசப்தம் விழுந்தால் காதுக்கு உறுத்தும். அங்கே இந்த அறைச் சத்தத்தில் ஒரு துண்டைக் கிள்ளி ஒட்டுவார்கள். உலகத்தில் எங்கே படம் எடுத்தாலும் இந்த அரை நிமிஷம் உண்டு. தொழிலில் இருப்பவர்களுக்கு அது ஜெபம்போலப் பழகிப்போனது.

வெண்டல் கேட்பானைக் காதில் மாட்டியிருந்தான். டெலோரிஸ் அசையாமல்தான் இருந்தாள். ஆனால் கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. அழுகையை அடக்குகிறவளின் மூச்சு, அவள் கழுத்துப்பட்டையில் குத்தியிருந்த மைக் வழியாக, பக்கத்தில் வந்து நிற்பதுபோல அவன் காதில் கேட்டது. ஏறியது, தயங்கியது, இறங்கியது.

அவன் கேட்பானைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

அறைச் சத்தத்தை அவன் வெள்ளிக்கிழமைகளில் அழிப்பதில்லை. அது எந்த வீடியோவுக்கும் சொந்தமில்லை. எதற்கு எப்போது வேண்டுமானாலும் உதவும் என்று தனியாக, பழைய ஒலித்துண்டுகளோடு போட்டுவைப்பான். வாராவாரம். எட்டு வருஷமாக. அவ்வளவு காலமும் அவன் அதை அறை என்றுதான் நினைத்திருந்தான். வேண்டாத மூச்சை வெட்டி எடுத்தவன், அந்த இடத்தில் வைத்து அடைக்கச் சேர்த்துவைத்ததிலும் மூச்சுதான் இருக்கிறது என்பதை எண்ணிப்பார்க்கவே இல்லை.

“வெண்டல்? ஏம்ப்பா, பேயைக் கண்ட மாதிரி நிக்கறே?”

“நீங்க வீட்டுக்குப் போங்க டெலோரிஸ்,” என்றான். “தயவுசெஞ்சு.”

அவள் எதையோ புரிந்துகொண்டாள். மைக்கைக் கழற்றி முக்காலிமேல் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

மாரிட் கழுத்து மைக்கோடு உட்கார்ந்திருந்த அறைச் சத்தங்கள் எல்லாமே இருந்தன. அவளுக்கு அசையாமல் உட்கார வராது. அதற்காக எத்தனை தடவை அவளைக் கடிந்திருக்கிறான். இப்போது ஒவ்வொன்றாகத் திறந்தான். குளிர்காலங்களில் அவள் மூக்கில் ஒரு மெல்லிய சீழ்க்கை. மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய ஒன்றில் வயிறு உறுமுகிறது. அதற்கு அவளே சிரிப்பை விழுங்குகிறாள். ஒன்றில் முக்காலி கிரீச்சிடுகிறது. மிகப் பழையவற்றில், பிரிட்டா வயிற்றில் இருந்த மாதங்களில், மூச்சு குட்டைகுட்டையாக, கூடையோடு மேடேறுகிறவளின் மூச்சுபோல இருக்கிறது. ஒன்றில் மிக நீளமாக இழுத்து, நிறுத்தி, மெதுவாக விடுகிறாள். என்ன நினைத்து விட்டாளோ, கேட்க இனி யார் இருக்கிறார்கள்? ஒவ்வொன்றின் முடிவிலும், “போதுமா, வெண்டல்?” என்கிறாள்.

ஒருமுறைகூட அவன் அதற்கு வாய் திறந்து பதில் சொன்னதில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு இயந்திரத்தை நிறுத்திவிடுவான்.

எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தான். முக்காலிச் சத்தம் வந்த இடத்தில் பழகிய கை தானாக வெட்டப் போனது. அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஒன்றையும் வெட்டவில்லை. சீராக்கவில்லை. சேர்த்து முடித்தபோது அது ஒரு குழந்தை தூங்கிப்போகிற அளவுக்கு நீளமாக இருந்தது.

கர்ட்டுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தவன் வைத்துவிட்டான். இரண்டு தடவை வாக்குக் கொடுத்து ஏமாற்றியவன் மூன்றாவது தடவை வாயைத் திறக்கக் கூடாது. தவிர, கிடைத்துவிட்டது என்று சொன்னால் அவர்கள் நன்றி சொல்வார்கள். எதற்கு நன்றி? கடல்போல இருந்ததைக் கொட்டிவிட்டு, ஒட்டியிருந்த துளியை வழித்துக் கொடுப்பதற்கா?

அவர்கள் ஃபார்கோவுக்குக் கிளம்புகிற காலையில் வெண்டல் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்தான். விடிந்திருந்தது, ஆனால் குளிர் இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுபோல, கர்ட் காரைக் கிளப்பி, உள்ளே சூடேறட்டும் என்று வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போயிருந்தான். காரின் புகைக்குழாயிலிருந்து வெண்புகை வந்துகொண்டிருந்தது. காரில் யாரும் இல்லை. சமையலறை ஜன்னலில் கர்ட்டின் முதுகு தெரிந்தது. எதையோ குனிந்து மாட்டிவிடுகிறான். குழந்தையின் மேல்சட்டையாக இருக்க வேண்டும்.

வெண்டல் பின்கதவைத் திறந்தான். பெட்டிகளுக்கும் ஒரு சுருட்டிய கம்பளிக்கும் நடுவே பிரிட்டாவின் இருக்கை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஒலிப்பானை எடுத்தான். ஒரே பொத்தான்தான் அதில். அழுத்தினால் ஒன்றுதான் கேட்கும். சீட்டு எதுவும் எழுதிவைக்கவில்லை. கர்ட்டுக்கு முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும்.

அதை இருக்கையின் நடுவில் வைத்தான். கார் குலுங்கினால் கீழே விழுந்து பெட்டிகளுக்கு அடியில் போய்விடுமே என்று தோன்றியது. குழந்தையைக் கட்டுகிற பட்டையை இழுத்து, அதன் குறுக்கே மாட்டி, பூட்டு விழுகிற சத்தம் கேட்கிறவரை மெதுவாக அழுத்தினான். சூடான காற்று முகத்தில் வீசிக்கொண்டிருந்தது.

“போதும், மாரிட்,” என்று தாழ்ந்த குரலில் சொன்னான். கதவைச் சாத்திவிட்டு, வந்த வழியே நடந்தான்.